சி.ஏ. இன்டர்: வீடியோ கிளாஸா, மாட்யூலா?

சி.ஏ. (ஆடிட்டர்) படிப்பின் நடுக்கட்டமான இன்டரின் இரண்டு குரூப்பையும், ஒரு பேப்பர் தவிர, மாட்யூலை, அதாவது படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தரும் பாடப் புத்தகத்தை, வைத்துத்தான் முடித்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

கிளாஸுக்குக் காசு, மாட்யூல் பி.டி.எஃப். ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் இலவசம். கிளாஸில் புரியவைக்க ஆள் உண்டு, மாட்யூலோடு நாமேதான் மல்லுக்கட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ரிவிஷன். பேப்பர் மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். அடுத்த பேப்பருக்குப் பெரும்பாலும் ஒரே நாள்தான் இடைவெளி. அன்றைய இரவு, மறுநாள், பரீட்சை நாள் காலை: இதைத்தான் பசங்க 'ஒன்றரை நாள்' என்பார்கள். டாக்சேஷன் பேப்பரில் வருமான வரி 50 மார்க், ஜி.எஸ்.டி. 50 மார்க், இரண்டையும் அதற்குள் புரட்டியாக வேண்டும். 2 எக்ஸ் வேகத்தில் ஓட்டினாலும் வீடியோ அதற்குள் அடங்காது. மாட்யூலில் முதல் சுற்றிலேயே சரியாக வந்த கணக்கை அடித்துவிட்டு, தடுமாறியதற்கு மட்டும் ஸ்டார் போட்டு வைத்தால், கடைசியில் ஸ்டார்களை மட்டும் பார்த்தால் போதும். சட்டத் திருத்தங்களுக்கு, ஐ.சி.ஏ.ஐ. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன் வெளியிடும் ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம், 2025 வந்துவிட்டது. பிரிவு எண்களே மாறிவிட்டன. பழைய ரெக்கார்டிங்கை சல்லிசாக வாங்குபவர்கள், அது எந்த அட்டெம்ப்ட்டுக்கு (எந்த மாத, வருடப் பரீட்சைக்கு) எடுத்தது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அக்கவுண்ட்ஸில் வரும் கேஷ் ஃப்ளோ (பணம் வந்ததும் போனதும்) கணக்கைத் திரையில் பார்த்தால் வெண்ணெய்தான். மெஷின் விற்ற லாபத்தை ஆபரேட்டிங்கில் கழித்து, விற்ற தொகை முழுவதையும் இன்வெஸ்டிங்கில் காட்ட வேண்டும் என்று சார் சொன்னதும் தலையாட்டிவிடுவோம். புத்தகத்தை மூடிவிட்டு, பேனாவோடு மெஷினரி அக்கவுண்ட்டுக்கான ஒர்க்கிங் நோட் (துணைக் கணக்கு) போடும்போதுதான் கை நிற்கும். விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.க்யூ. 30 மார்க் போனாலும் மீதி 70 எழுதித்தானே வாங்க வேண்டும்?

காஸ்டிங் (செலவுக் கணக்கியல்) பேப்பருக்கு மட்டும் நானும் வீடியோ கிளாஸ் பார்த்தேன். பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்காதவர்களுக்கு அக்கவுண்ட்ஸுக்கும் அது தேவைப்படலாம். சி.ஏ.வின் கடைசிக் கட்டமான ஃபைனல் நான் இன்னும் எழுதவில்லை. அங்கே ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி) முடித்த கையோடு உட்கார வேண்டும், கன்சாலிடேஷனை (ஒரே குழும நிறுவனங்களின் கணக்கை ஒன்றாக்குவதை) மாட்யூலை மட்டும் வைத்துத் தனியாக முடிக்கலாம் என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.