இலவசமா, பத்து வெள்ளியா, மனம்போல் தருவதா? கோலாலம்பூர் தமிழ் நாடகத்துக்கு ஆள் சேர்க்கும் வழிகள்

கையில் காசு இறுகினால் குடும்பங்கள் முதலில் நிறுத்துவது வெளியே போய் வருவதைத்தான். வீட்டு வாடகை, கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் எதையும் தள்ளிப்போட முடியாது. நாடகத்தைத் தள்ளிப்போடலாம். வேலை முடிந்து ஒத்திகைக்கு ஓடி, சொந்தக் காசைப் போட்டு மேடையேறும் கோலாலம்பூர்த் தமிழ் நாடகக் குழுக்களுக்கு இன்று இதுதான் பெரிய கவலை. டிக்கெட்டே வேண்டாம், இலவசமாக விடுவோம் என்கிறார்கள் சிலர். பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) இறக்குவோம் என்கிறார்கள் வேறு சிலர். பார்த்து முடித்தபின் மனம்போல் கொடுக்கட்டும் என்பது மூன்றாவது கட்சி. ஆண்டுச் சந்தா என்ற நான்காவது வழியைப் பேசுவோர் குறைவு.

இவற்றை எடைபோடும் முன் ரசிகர் பக்கத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ராவாங்கிலிருந்து செந்தூலுக்கு நாடகம் பார்க்க வரும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 30 வெள்ளி என்றால் டிக்கெட் 120. பெட்ரோல், டோல், பார்க்கிங் என்று ஒரு 20. நாடகம் முடிந்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) உட்கார்ந்தால் 50. மொத்தம் 190 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டுக்கு, ஒரே மாலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டிக்கெட்டை 10 வெள்ளியாக்கினால் மாலைச் செலவு 110. இலவசமாக விட்டாலும் 70 இருக்கத்தான் செய்யும். தொகைகள் தோராயமானவைதான். ஆனால் டிக்கெட் விலையை மூன்றில் ஒன்றாகக் குறைத்தும் குடும்பத்தின் செலவு பாதிகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் டிக்கெட்டைப் பற்றி மட்டுமே வாதாடிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் அம்மா மொத்த மாலையையும் கணக்குப் போடுகிறார்.

இலவசத்தை முதலில் பார்ப்போம். இதுவரை நாடகமே பார்க்காதவர்களை உள்ளே கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பகலில் போடும் காட்சி என்றால் இலவசமாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மாலைக் காட்சியை இலவசமாக்கினால் இரண்டு சிக்கல் வரும். வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்த பலர் வர மாட்டார்கள். மழை வந்தால், காற்பந்து இருந்தால், வீட்டில் விருந்தாளி வந்தால் அந்தப் பெயர் காற்றோடு போகும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் மேசை மேல் கிடந்தால் கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது சிக்கல் புரவலர்கள். செலவை யாரோ ஏற்கிறார் என்றால் மேடையில் அவருக்கு இடம் வேண்டும். 7.30 என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். முன்வரிசை நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். பிரமுகர் வந்து சேர மணி 8.15. மாலை, பொன்னாடை, உரை, இன்னொரு உரை. திரை விலகும்போது ஒன்பதாகியிருக்கும். பின்வரிசையில் குழந்தை தூங்கிவிடும். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இரண்டாம் பாதியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ரசிகர் அடுத்த முறை வர மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். போதாததற்கு, வியாபாரம் படுத்தால் புரவலர் முதலில் வெட்டும் செலவும் இதுதான். கஷ்ட காலத்துக்கென்று தேர்ந்தெடுத்த வழி கஷ்ட காலத்திலேயே கைவிட்டுவிடும்.

பத்து வெள்ளி டிக்கெட்டில் ஒரு கண்ணியம் உண்டு. வாங்கியவர் வருவார், உட்கார்ந்து பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் உரிமையோடு சொல்வார். ஆனால் குழுவின் கணக்கு உதைக்கும். 30 வெள்ளிக்கு 90 பேர் வந்தால் 2,700. அதே தொகையைப் பத்து வெள்ளி டிக்கெட்டில் எடுக்க 270 பேர் வர வேண்டும். விலை குறைந்ததால் மட்டும் கூட்டம் மூன்று மடங்காகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். செலவோ குறைந்தபாடில்லை. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15-இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது, மேடைச் சாமான் ஏற்றும் லோரிக்காரரிடம் மானிய அட்டை இல்லாவிட்டால் அதைக் கூலியில் சேர்க்காமல் என்ன செய்வார்? மண்டப வாடகை, ஒலி, ஒளி எல்லாம் அதே கதைதான். இன்னொன்று, பெரிய அரங்குகளில் டிக்கெட் இணையம் வழியாகப் போகிறது. 2005-இல் திறந்த செந்தூல் கேஎல்பேக், நம் தாத்தாக்கள் உழைத்த ரயில்வே பட்டறை வட்டாரத்தில், பழைய ரயில்வே கட்டடம் ஒன்றை மாற்றி எழுப்பிய அரங்கு. அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவுக்கு அட்டை எண் கேட்கும் இணையப் பக்கம் பூட்டிய கதவு மாதிரி. அவர் கேட்பது, "தம்பி, எனக்கு ரெண்டு சீட்டு எடுத்து வை" என்று சொல்ல ஒரு தொலைபேசி எண்தான்.

மனம்போல் தருவது நமக்குப் புதிதல்ல. கூத்து நடக்கும்போதே தட்டில் காசு விழும், கோமாளி கொடுத்தவரின் பெயரைக் கூவுவார். பிரிக்ஃபீல்ட்சில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி வழியில் 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் அன்னலட்சுமி உணவகம், வயிறார உண்டு மனம்போல் கொடுக்கும் முறையை இந்நகரத்துக்குப் பழக்கியது. அதன் பின்னால் தொண்டூழியர்களின் பெரிய படை உண்டு என்பதை மறந்துவிட்டு முறையை மட்டும் நகலெடுத்தால் நாடகக் குழு தாங்காது. ஆனாலும் ரசிகரின் பெரிய தயக்கத்தை இது ஒன்றுதான் உடைக்கிறது: நன்றாக இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே காசு கொடுக்கும் தயக்கம். பார்த்து மனம் நிறைந்தவர் தன் பங்கோடு பக்கத்து வீட்டாரின் பங்கையும் சேர்த்துக் கொடுப்பார். செய்முறைதான் முக்கியம். வாசலில் கைப்பேசியால் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் அட்டையும் இருக்க வேண்டும், மூடிய பெட்டியும் இருக்க வேண்டும். இளையவர்களிடம் சில்லறை இருக்காது, பெரியவர்களில் பலர் கைப்பேசியில் பணம் அனுப்ப மாட்டார்கள். ஒப்பனை கலைக்காத நடிகர்கள் அந்தப் பெட்டியருகே நின்று கைகொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் வாசிக்கவே கூடாது. கூத்தில் அது சரி. இங்கே இரண்டு வெள்ளி மட்டும் வைத்திருக்கும் ஒரு தாய், பெயர் வாசிக்கப்படும் என்று தெரிந்தால் வாசற்படியே மிதிக்க மாட்டார்.

இதன் குறை, முன்பணம் இல்லாதது. மண்டபத்துக்கு வைப்புத்தொகை கட்டும் நாளில் பெட்டி காலி. அங்கேதான் சந்தா வருகிறது. சென்னைச் சபாக்கள் ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களை நம்பித்தான் பல ஆண்டுகள் அமெச்சூர் நாடகங்களை வளர்த்தன. நமக்கு அதைவிட நெருக்கமான முன்னுதாரணம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குகள்தான் அதன் அடித்தளம். இன்று நாம் நாடகம் போடும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் அந்தச் சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தனில்தான் இருக்கிறது. அன்றைய கூலியில் அவர்களால் முடிந்தது என்றால், ஆண்டுக்கு 60 வெள்ளி, மூன்று நாடகம் என்று நூறு குடும்பங்களைக் கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? 6,000 வெள்ளி கையில் இருந்தால் அந்த ஆண்டின் மண்டபப் பேச்சு தைரியமாக நடக்கும். ஆனால் மூன்றாவது நாடகம் வராமல் போனால் சந்தா அதோடு செத்துவிடும். இரண்டு மட்டுமே உறுதி என்றால் இரண்டுக்கே வாங்குங்கள்.

எந்த வழியானாலும் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் அந்த 70 வெள்ளி அப்படியே நிற்கிறது. அதைக் குறைக்க நாடகம்தான் நகர வேண்டும். தோட்டத்தில் காமன் கூத்து கோயில் திடலில் நடந்தது. பார்க்க யாரும் காரெடுக்கவில்லை. தோட்டங்கள் கைமாற, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். நாடகமோ குளிரூட்டிய அரங்குகளுக்குப் போனது. பிபிஆர் எனும் அரசின் மலிவு அடுக்குமாடி வீடமைப்புகளின் பொது மண்டபம், தாமான் (குடியிருப்புப் பகுதி) கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி மண்டபம் ஆகியவற்றில் போட்டால் ஒளியமைப்பு சுமாராக இருக்கும், மின்விசிறிச் சத்தத்தில் மெல்லிய வசனம் அடிபடும். இயக்குநர்களுக்கு இது உண்மையான இழப்பு. பெரிய அரங்கில் ஒரு வாரக் கடைசியாவது முழுவிலை டிக்கெட்டுடன் போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கலைஞர்கள் வளர மாட்டார்கள். ஆனால் புது ரசிகர்கள் கிடைப்பது லிஃப்டில் இறங்கி நடந்து வரும் தூரத்தில்தான். ஆகவே என் தேர்வு: தாமானில் மனம்போல், அரங்கில் டிக்கெட், இரண்டுக்கும் அடியில் சந்தா.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்குக் காசே செலவில்லை. சனிக்கிழமை இரவு 8.30-ஐ விட ஞாயிறு மாலை 4 மணிக் காட்சி எனக்கு எல்லா வகையிலும் மேல். வெளிச்சத்தில் கிளம்பி வெளிச்சத்திலேயே திரும்பலாம், மை50 மாதப் பயண அட்டை வைத்திருப்பவர் ரயிலிலேயே வரலாம், பாட்டியையும் கூட்டி வரலாம், இரவுச் சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாமாக் கடையின் 50 வெள்ளி மிச்சம். ஒரே நிபந்தனை: 4 மணி என்றால் 4 மணிக்குத் திரை விலக வேண்டும், முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தாலும்.