காரைக்குடி பழம்பொருள் கடை: ரயில்வே கேட் சாமான் தேடுபவர்களுக்கு ஒரு விமர்சனம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஆட்கள் போவது தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குக்கும் பழைய கடிகாரத்துக்கும்தான். எனக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது. ரயில்வே கேட், அங்கே தொங்கும் விளக்கு, பூட்டு, போன், இவைதான் என் பைத்தியம். எஞ்சினைத் துரத்திப் படமெடுக்கும் ரயில் ரசிகர்களே எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இருக்கட்டும்.

நான் சொல்லும் கடைக்குப் பெயர்ப் பலகையே இல்லை. ரயில் சாமான் வைத்திருக்கும் பெரியவர் கடை எது என்று தெருவில் கேட்டால் கைகாட்டுவார்கள். முன்பக்கம் முழுக்க வழக்கமான செட்டிநாட்டுச் சாமான்கள். ரயில் சங்கதி எல்லாம் பின்னறையில், ஒரு இரும்பு ராக்கில். வெளிச்சம் போதாது, டார்ச் கொண்டுபோங்கள்.

முதலில் கண்ணில் பட்டது மூவர்ணக் கை விளக்கு. கேட் கீப்பரும் ரயில் கார்டும் ராத்திரியில் ஆட்டிக் காட்டுவார்களே, அதே மண்ணெண்ணெய் விளக்கு. இப்போது கேட் குடிசைகளில் எல்.இ.டி. டார்ச் வந்துவிட்டதால் இது முழுக்க முழுக்கக் காட்சிப் பொருள். முன்னால் உப்பலான ஒரு லென்ஸ். உள்ளே சிவப்பு, பச்சைக் கண்ணாடி பதித்த உருளை. தலைப்பகுதியைத் திருகினால் உருளை சுழன்று வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மாறும். நான் எடுத்துப் பார்த்ததில் பச்சைக்கு வரும்போது லேசாக இடித்து நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்தகரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன் என்பதால் என் கண் முதலில் பற்றவைப்பில்தான் போகும். ஈயம் மங்கி, ஓரத்தில் புகைக்கரி ஏறி, அடியில் எண்ணெய் ஊறிய வாசனை அடித்தால் அது உழைத்த விளக்கு. பளபளவென்று பித்தளையில், பற்றவைத்த தடம் தெரியாமல் இருந்தால் அலங்காரத்துக்காக உத்தரப் பிரதேசத்து முராதாபாத் பக்கம் செய்த புது விளக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த விஷயத்தில் பெரியவரைப் பாராட்ட வேண்டும். பித்தளை விளக்கு ஒன்றை நான் கையில் எடுத்ததுமே, "அது புதுசு தம்பி, ஓட்டல்காரங்களுக்கு வச்சிருக்கேன், உங்களுக்கு வேணாம்" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் நல்ல விலைக்குத் தள்ளியிருக்கலாம்.

விளக்கின் உடம்பில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.ஐ.ஆர். என்றால் திருச்சியைத் தலைமையிடமாக வைத்திருந்த பழைய தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரல் 14 அன்று அது வேறு இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆக எஸ்.ஆர். என்று மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. இரண்டும் அங்கே இருந்தன. எஸ்.ஐ.ஆர். விளக்குக்கு மூன்று மடங்கு விலை சொன்னார். எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது, இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்தன.

அப்புறம், கை சுற்றும் மேக்னெட்டோ போன். கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே பேசுவது. இன்டர்லாக் (கேட்டையும் சிக்னலையும் பிணைக்கும் ஏற்பாடு) இல்லாத கேட்டில் எல்லாமே இந்தப் பேச்சில்தான் நிற்கிறது: வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ல, கேட்டைச் சாத்திவிட்டு கேட் கீப்பர் அதற்கு அடையாளமாக பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணைக் கொடுப்பார், இருவரும் எழுதிக்கொள்வார்கள். இன்டர்லாக் இருந்தால் கேட் சாத்திப் பூட்டாமல் வண்டிக்குப் போகச் சொல்லும் சிக்னலே விழாது. 2025 ஜூலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தது இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். அதன் பிறகுதான் இன்டர்லாக் வைப்பதற்கான போக்குவரத்து அளவை (கேட்டில் ஒரு நாள் போகும் ரயில் கணக்கை சாலை வண்டிக் கணக்கால் பெருக்கி வருவது) 20,000லிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். அந்தப் போனைக் கையில் எடுத்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. வாங்கவில்லை. அதற்கு வேறு காரணமும் உண்டு: உள்ளே காயிலையே உருவியிருந்தார்கள், வெறும் பெட்டி. பெட்டிக்கு அந்த விலை அதிகம்.

பட்டாசு சிக்னல் டப்பா ஒன்றும் இருந்தது, காலி. அப்படித்தான் இருக்க வேண்டும், உள்ளே சரக்கோடு யார் விற்றாலும் ஓடிவிடுங்கள், அது வெடிபொருள். கேட்டில் லாரி சிக்கிக்கொண்டால் கேட் கீப்பர் கொடியோடு ஓடி, அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்றும் 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் கட்டுவார். சக்கரம் ஏறி வெடித்ததும் டிரைவர் வண்டியை நிறுத்துவார். வெயிலில் ஒன்றேகால் கிலோமீட்டர் ஜல்லியில் ஓடிப் பார்த்தால்தான் அந்த வேலை புரியும்.

பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால் திருவாரூர் பாதைக்கு வந்துவிடுவார். 2019இல் காரைக்குடி–திருவாரூர் அகலப் பாதை திறந்தபோது கேட்டுகளுக்குப் போதிய ஆள் போடவில்லை. ரயிலிலேயே கேட் கீப்பர்கள் போனார்கள். முன்னால் இருப்பவர் இறங்கிச் சாத்த, வண்டி தாண்டியதும் பின்னால் இருப்பவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. "நான் அதுல போனேன், சோத்துப் பொட்டலத்தோட" என்று சிரித்தார்.

குறை என்று பார்த்தால் பில்தான். கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். ரயில்வே சாமானுக்கு அது போதாது. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படும்படியான ரயில்வே சொத்தை வைத்திருப்பவர், அது எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது நகலைக் கேளுங்கள். என் விளக்குக்குத் தேடி எடுத்துத் தந்தார். பக்கத்திலிருந்த கேட் பூட்டுக்கு இல்லை என்றார், அதனால் பூட்டை விட்டுவிட்டேன்.

நசுங்கின எஸ்.ஆர். விளக்கை 4,500 சொல்லி 3,800க்குக் கொடுத்தார். அதற்கு மேல் இறங்க மாட்டார், மல்லுக்கட்ட வேண்டாம். ஜிபே உண்டு. மதியம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார், காலையிலேயே போய்விடுங்கள். லென்ஸ் விரிசல் விட்ட விளக்கை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாற்று லென்ஸ் அவரிடமும் இல்லை, நான் தேடிய இடத்திலும் கிடைக்கவில்லை.