‘ஆறு வாரத்தில் குதிரை தேறிவிடும்’ என்ற பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்

குதிரை வைத்திருக்கும் நண்பர்கள் கவனத்துக்கு. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் ஒரு லாயம், சும்மா இருந்த குதிரையின் உடலை மறுபடி ஓட்டத்துக்குத் தேற்றித் தருவதாக 4,800 வெள்ளிக்கு ஒரு பேக்கேஜ் விற்கிறது. “அண்ணே, தோட்டத்து ரோட்டுப் பக்கம் போகவே வேண்டாம். அரினாவுக்குள்ளேயே ஆறு வாரத்துல தேத்திக் கொடுத்துடுறேன்” என்பதுதான் பேச்சு. அரினா என்பது வேலி போட்ட மணல் பயிற்சிக் களம். நாங்கள் முன்பணமாக முழுத் தொகையும் கட்டினோம். ஐந்தாம் வாரம், எங்கள் 11 வயதுப் பெண் குதிரை முன் இடதுகால் வீங்கித் திரும்பி வந்தது, மூன்றாம் நாள் நொண்டியது. முழங்காலுக்குக் கீழே பின்புறம் கயிறு போல ஓடும் தசைநாணில் நார்கள் கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. இந்தக் காயம் ஆற 9 முதல் 12 மாதம் ஆகும்.

அரினாவுக்குள் தேற்றலாம் என்ற யோசனையில் தப்பே இல்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை ஏற்றிய லோரி, ஓரத்தில் ஆழமான கால்வாய், மழைக்குப் பின் வழுக்கல், புதரிலிருந்து பாயும் காட்டுப்பன்றி, நாய்க் கூட்டம். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் குளம்புக்குள் ஏறினால் அது தனி வேதனை. வெளியே போகாமல் இருப்பதே நல்லது. ஏமாற்று இருப்பது அந்த ஆறு வாரக் கணக்கில்தான்.

குதிரைக்கு மூச்சும் தசையும் முதலில் தேறும், நாலைந்து வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். தசைநாணும் மூட்டுநாரும் உறுதிப்பட ஆறு மாதம் வேண்டும். எலும்பு இன்னும் மெதுவாக, ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். ஆக ஆறாவது வாரம் குதிரை மூச்சு வாங்காமல் ஓடும், துள்ளும், பார்ப்பவருக்கு ‘ஆஹா’ என்றிருக்கும். கால் மட்டும் முதல் வாரத்துக் கால்தான். நமக்கு அனுப்பும் வீடியோவில் தெரிவது மூச்சு. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையிடம் இது இன்னும் ஆபத்து, அதற்கு ஓடத் தெரியும், நிறுத்தத் தெரியாது. சிங்கப்பூர் கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அப்படி ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளை முதன்முறையாக வாங்கி வளர்ப்பவர்கள்தான் இந்த மாதிரிப் பேக்கேஜில் எளிதாக மாட்டுகிறார்கள்.

அந்த லாயத்தில் நடந்த வேலை இதுதான். முதல் நாளிலிருந்தே 12 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் லஞ்ச் கயிற்றில் (நடுவில் ஆள் நின்று பிடித்துச் சுற்ற விடும் நீளக் கயிறு) கட்டி 30 நிமிடம் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்). கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ராட்டில் குதிரை நிமிடத்துக்குச் சுமார் 220 மீட்டர் போகும், அந்த வட்டத்தின் சுற்றளவு 38 மீட்டர் கூட இல்லை. அரை மணி நேரத்தில் 170 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் உடல் உள்பக்கம் சாய்ந்து, மூட்டின் ஒரு பக்கம் நசுங்குகிறது. அதற்கு மேல், தலையைக் கட்டி வைக்கும் பக்க வார். லஞ்சிங் செய்தே ஆக வேண்டுமென்றால் வட்டம் 20 மீட்டருக்குக் குறையக்கூடாது, நேரம் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் போதும்.

மணலும் ஒரு காரணம். பழைய ஈயலம்ப மணலை (ஈயச் சுரங்கக் கழிவு மணல்) கொட்டி, அடித்தளம் இறுக்காமல் விட்டிருந்தார்கள். குளம்பு முழுசாகப் புதைந்தது. உறுதியான தளத்தின் மேல் 5 முதல் 7 சென்டிமீட்டர் தளர்ந்த மணல் போதும். அதற்கு மேல் ஆழமானால் ஒவ்வொரு அடியிலும் தசைநாண் கூடுதலாக இழுபடும். மழை பெய்த மறுநாள் ஒரு மூலை சேறாகவும் மறு மூலை கெட்டியாகவும் இருந்தால் இன்னும் மோசம். சேர்ப்பதற்கு முன் நீங்களே ஒரு குச்சியை நாலு இடத்தில் குத்திப் பாருங்கள்.

எங்களை அதிகம் வருத்தியது காலை மறைத்த விதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் போகும்போது நாலு காலும் ஏற்கனவே நனைந்திருக்கும், களிமண் பற்றும் போட்டிருக்கும். “குளிர்ச்சிக்குண்ணே” என்பார்கள். குளிர்ந்த நீர் பட்ட காலில் சூடு தெரியாது. வீக்கமும் பற்றுக்கடியில் போய்விடும். பியூட் என்ற வலி மருந்து கொடுத்ததும் பிறகுதான் தெரிந்தது. அந்த மருந்து நொண்டலை அமுக்கும், நிறுத்திய சில நாட்களில் நொண்டல் வெளியே வரும். எங்கள் குதிரை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வந்தது. ஆகவே குதிரையின் காலைப் பார்ப்பதென்றால் காலை நேர வேலைக்கு முன்பு, கால் காய்ந்திருக்கும்போது, சொல்லாமல் போய்ப் பாருங்கள். கட்டை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே தசைநாணைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் மூட்டுவரை மெதுவாக இறங்குங்கள். நல்ல கால் இறுகிய கயிறு போல, ஓரம் கூர்மையாக இருக்கும். எங்கேயாவது உப்பல், மாவு போன்ற மென்மை, குதிரை காலை வெடுக்கென்று இழுப்பது, இவை இருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, எதிர்க்காலோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிட வேலை.

சரியான வழி சலிப்பானது. பல மாதம் சும்மா இருந்த, காயமில்லாத குதிரைக்கு முதல் இரண்டு வாரம் வெறும் நடை: 20 நிமிடத்தில் தொடங்கி 40 வரை, வாரம் ஐந்து நாள். அடுத்த இரண்டு வாரம் 45 முதல் 60 நிமிடம். சோம்பல் நடையாக இல்லாமல் நிமிடத்துக்கு 100 மீட்டர் போகும் சுறுசுறுப்பான நடையாக இருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் நடைக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிட ட்ராட், இரண்டு முறை. எட்டாம் வாரத்தில் ட்ராட் மொத்தம் 15 முதல் 20 நிமிடம். ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகே கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான, தாவும் ஓட்டம்), அதுவும் இடம், வலம் என்று திசைக்கு ஒரு நிமிடம். பன்னிரண்டு வாரம் தாண்டித்தான் மூன்று நிமிட கேன்டர், நடுவில் நடை, மூன்று முறை என்று இடைவெளி வேலைக்குப் போகலாம். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டவே கூடாது.

20க்கு 40 மீட்டர் அரினாவில் ஓரமாகப் போனால் ஒரு சுற்று சுமார் 110 மீட்டர். நாற்பது நிமிட நடை என்றால் 36 சுற்று, ஏறக்குறைய 145 திருப்பம். வெளியே நேராகப் போகும் குதிரைக்கு இல்லாத சுமை இது. மூலைவிட்டமாகக் குறுக்கே போவது, அகலமான பாம்பு வளைவு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றம் என்று கலந்தால்தான் சரிப்படும். மேடு இல்லாத குறையை, தரையில் வரிசையாகப் போட்டு குதிரையைத் தாண்டிப் போக வைக்கும் கட்டைகள் ஓரளவு தீர்க்கும். நடைக்குக் கட்டைகளுக்கு நடுவே 80 முதல் 90 சென்டிமீட்டர், ட்ராட்டுக்குச் சுமார் 1.3 மீட்டர். நாலு கட்டை போதும். பழகிய பிறகு 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் முதுகும் பின்தொடையும் வேலை செய்யும். பிவிசி குழாயைத் தரையில் சும்மா போடாதீர்கள், மிதித்தால் உருண்டு கால் பிசகும். பின்னோக்கி நடக்க வைப்பதும், நடை, ட்ராட், நிறுத்தம் என்று அடிக்கடி மாற்றுவதும் மேட்டில் ஏறுவதற்கு ஈடாகப் பின்னங்காலைப் பலப்படுத்தும்.

நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். அந்த லாயத்தார் பதினோரு மணிக்கு, மேலே கனத்த போர்வை போட்டு ஓட விட்டார்கள், ‘கொழுப்பு இறங்கும்’ என்று. இறங்கியது தண்ணீரும் உப்பும்தான். மறுநாளே எடை திரும்பிவிடும். வேர்க்கும் நாளில் 500 கிலோ குதிரைக்கு 50 முதல் 60 கிராம் உப்பு தீவனத்தில் வேண்டும், பக்கத்திலேயே தண்ணீரும் இருக்க வேண்டும். வெப்பநாட்டில் சில குதிரைகளுக்கு வேர்வையே நின்றுபோகும். வேலை முடிந்து நிழலில் 20 நிமிடம் நின்றும் மூச்சிரைப்பு அடங்காமல், தோல் காய்ந்து, உடல் வெப்பம் 39.5 டிகிரியைத் தாண்டினால், நீரை விடாமல் ஊற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைப்பதும் அவசியம். முழுத் தீவனம் தின்று சும்மா நின்ற குதிரை, மறுநாள் வேலையில் இடுப்புத் தசை இறுகி நகர முடியாமல் நின்றுவிடும்.

தேறிவிட்டது என்று யாராவது சொன்னால் நாடியைக் கேளுங்கள். இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44. வேலை முடிந்த 15 நிமிடத்துக்குள் 64க்குக் கீழே இறங்க வேண்டும். நீண்டதூரக் குதிரைப் போட்டிகளில் மருத்துவர் பார்க்கும் எண்ணும் இதுதான். வாரத்துக்கு ஒருமுறை ஒரே வேலைக்குப் பின் எழுதி வைத்தால் தேறுகிறதா இல்லையா என்று உங்கள் நோட்டே காட்டும். எங்களிடம் அந்த லாயம் காட்டியது 40 விநாடி வாட்ஸ்அப் வீடியோக்கள், அவ்வளவுதான். எத்தனை நிமிடம், எந்த நடை, நாடி எவ்வளவு என்று ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ எதையும் அழிக்காதீர்கள். மருத்துவரிடம் எழுத்து மூல அறிக்கை வாங்குங்கள், ஸ்கேன் படத்தோடு. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். நாங்கள் போட்டுவிட்டோம்.