13,000 ரூபாய் கொடுத்துக் கையில் வாங்கிய கடல் அட்டை: ஹேவ்லாக் போகிறவர்கள் படிக்கவும்

அந்தமானில், ஹேவ்லாக் தீவின் ஜெட்டியில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். ஃபெர்ரிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் கோபம் ஆறாது. நேற்றுக் காலை போனது 13,000 ரூபாய், எனக்கும் மனைவிக்கும் தலைக்கு 6,500.

கடை பெயர் வேண்டாம். புக்கிங் ஆப்பில் நல்ல ரேட்டிங் உள்ள ஒரு ஸ்கூபா கடை (சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் கூட்டிப் போகிறவர்கள்), அவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உள்ளே போனதும் மீனைப் பிடிக்கிறது, பவளத்து மேல நிக்கிறது எல்லாம் இருக்காதே?" கவுண்டரில் இருந்தவர் தமிழர். எந்த ஊர் என்றார். ராமநாதபுரம் என்றேன். "அட, எங்க அப்பா பரமக்குடிண்ணே! நம்ம ஆளுங்களை ஏமாத்துவேனா? தொடுற பேச்சே கிடையாது. படகுல கூட்டிட்டுப் போய் நல்ல பவளப் பாறையா காட்டுறோம்." அந்த 'நம்ம ஆளு'வில்தான் விழுந்தேன். நின்ற இடத்திலேயே முழுப் பணத்தையும் ஜிபே செய்தேன். பில் கூடக் கேட்கவில்லை.

படகு வரவில்லை. காற்று அதிகம் என்று கரையிலிருந்தே நடக்க வைத்தார்கள். இலை அசையவில்லை! சரி, அதைக்கூட விடலாம்.

முதல்முறை போகிறவரைப் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். கைடு நிறுத்துகிற இடத்தில்தான் நிற்க முடியும். என்னை மண்டியிட வைத்த இடம் கொம்புப் பவளம். முட்டிக்கு அடியில் மளுக்கென்று ஒடிந்தது. 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்துப் போனதாகப் படித்திருக்கிறேன். மிச்சத்துக்கு என் முட்டி.

அப்புறம் கைடு ஒரு பேத்தை மீனைத் துரத்திப் பிடித்தார். கையில் வைத்து அழுத்த அழுத்த அது தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பியது. பக்கத்துத் துடுப்பு இரண்டும் படபடவென்று அடிக்கின்றன, உடம்பு ஓர் அங்குலம் நகரவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். தண்ணீருக்கடியில் அப்படி ஆட்டினால் 'ஏதோ கோளாறு' என்று அர்த்தமாம். காது வலிக்கிறதா என்று சைகையில் கேட்டுவிட்டு, மீனை என் முகத்துக்கு நேரே பிடித்துப் போட்டோ எடுத்தார்.

கடைசியில் மனைவியின் கையில் ஒரு கடல் அட்டையை வைத்தார் (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிற கடல் உயிரி). அது மிரண்டு, பின்பக்கத்திலிருந்து இடியாப்பம் மாதிரி வெள்ளை நூலாகக் கக்கியது. பசையாக விரலில் ஒட்டியது, கரையேறி மணலில் தேய்த்தும் போகவில்லை. எங்கள் ஊரில் 2001-லிருந்து கடல் அட்டையைப் பிடித்தால் கேஸ். வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் அந்த வருஷம் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து மீனவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதே சட்டம்தான் அந்தமானிலும். இங்கே 13,000 வாங்கிக்கொண்டு அதைக் கையில் வைத்து வீடியோ எடுக்கிறார்கள்.

கேட்கப் போனால் பரமக்குடிக்காரர் முகமே வேறு. "எல்லா கஸ்டமரும் ஆசைப்பட்டுக் கேக்குறதுதாண்ணே." அப்புறம் "மீன் சாகலையே?" அப்புறம் "வீடியோல சிரிக்கிறீங்களே!" வாயில் மூச்சு விடுகிற ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு எவன் சிரிப்பான்? ஓனர் சென்னையில் இருக்கிறாராம், நம்பர் தரமாட்டாராம். சாயங்காலம் அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு இரண்டு நீல டிக். ஆப்பில் புகார் செய்தால் 'சேவை நிறைவடைந்தது, ரீஃபண்ட் இல்லை' என்று ஒரே வரியை மூன்று முறை அனுப்பினார்கள்.

எதையெல்லாம் பார்த்து புக் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கூப்பிடுகிறார்கள். அவசரமாக: முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தொடமாட்டோம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கடை போட்ட வீடியோக்களைப் பாருங்கள், யார் கையிலாவது மீனோ நட்சத்திர மீனோ இருந்தால் அடுத்த கடை. ஊர்ப்பாசத்தில் மயங்காதீர்கள்.

13,000 இனி வராது. வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. போர்ட் பிளேரில் இறங்கியதும் வனத்துறை அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறேன். அந்த வீடியோவில் அட்டையைப் பிடித்திருப்பது என் மனைவியின் கை என்பதுதான் இப்போது உதைக்கிறது.