பேஜ்மேக்கர் சிடியும் இரண்டு பங்காளிகளும்: ஒரு டிடிபி கடையிலிருந்து லிப்ரே ஆபீஸ் பற்றி

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து வந்துவிடுகிற தூரத்தில் என் டிடிபி கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வாடகை அக்ரிமெண்ட் எல்லாம் வரும். பாதிப் பேர் தமிழும் கன்னடமும் ஒரே தாளில் கேட்பார்கள். இரண்டு வருடமாக இதையெல்லாம், நிரல் திறந்திருக்கிற இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸில்தான் செய்கிறேன். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அதன் பங்காளியான அப்பாச்சி ஓப்பன் ஆபீஸையும் இழுக்காமல் முடியாது போலிருக்கிறது.

போன ஆடி மாதம் மர்பி டவுனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு சிடி. 2003-ல் அவர்கள் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்குப் போட்ட மலர், 48 பக்கம். "இதையே கொஞ்சம் மாத்தி இந்த வருஷமும் போடணும்மா" என்றார். என்னிடம் சிடி டிரைவே கிடையாது. பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கிப் பார்த்தால், அந்தக் காலத்துப் பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல். பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதை வைத்திருந்த என் எக்ஸ்பி மெஷினும் காயலான் கடைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன.

ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். "லிப்ரே ஆபீஸ்லயே படம் வரையுற டிரா இருக்குல்ல பெரியம்மா, அதுல தொறந்து பாருங்க" என்றான். நம்பிக்கை இல்லாமல்தான் திறந்தேன். திறந்துவிட்டது! கட்டங்கள், கோடுகள், அம்மன் படத்தைச் சுற்றிய பார்டர் எல்லாம் கிட்டத்தட்ட அதே இடத்தில். எழுத்து மட்டும் ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்கிற யூனிகோடிலா அந்தக் காலத்தில் நாங்கள் அடித்தோம்? ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த ஃபாண்ட்தானே. எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது. கன்வெர்ட்டரில் போட்டு, ரகரமும் துணைக்காலும் குழம்பிக் கிடந்ததைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள். மலர் முழுதும் "அருள்மிகு" சரியாக வந்து நன்கொடையாளர் பெயர்கள் மட்டும் கோணிக்கொண்டிருந்தால் கோயிலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தபோது, இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டேன். பேஜ்மேக்கரைப் படிக்கிற வேலையை லிப்ரே ஆபீஸ் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவில்லையாம். 'லிப்பேஜ்மேக்கர்' என்று தனியாக ஒரு சின்ன நூலகம், அதாவது மற்ற மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு, இருக்கிறது. 2014-ல் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் ஒரு மாணவர் அதில் வேலை செய்தார். அடுத்த ஜனவரியில் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4-ல் அது சேர்ந்தது. தனியாக இருப்பதால், பக்கம் கட்டும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸும் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறது. கோரல்டிரா ஃபைலைப் படிக்கிற 'லிப்சிடிஆர்', படம் வரையும் இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்புக்கும் உதவுகிறது. நிரலை எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று சொல்லும் உரிமம் லிப்ரே ஆபீஸுக்கு எம்பிஎல் 2.0, ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப்புக்கு ஜிபிஎல். உரிமம் வேறு வேறு என்றால் அடித்துக்கொள்ளாதா என்றேன். எம்பிஎல்லின் இந்த 2.0 பதிப்பை 2012-ல் எழுதும்போதே ஜிபிஎல் நிரலோடு சேர்த்து வைக்க வழி விட்டுத்தான் எழுதினார்களாம்.

எனக்கு இது அப்பா கதை மாதிரித்தான் புரிந்தது. வாணியம்பாடியில் அவர் கம்பாசிட்டர். ஈய எழுத்து போதாதபோது பக்கத்து பிரஸ்ஸில் இரவல் வாங்குவார்கள். ஒருவர், "எடுத்துக்கோ, என் பேரைச் சொல்லிடு, போதும்" என்பார். இன்னொருவர், "எடுத்துக்கோ, ஆனா இதுல ஏதாவது தேய்ச்சுச் சரிபண்ணா அதை எல்லாருக்கும் காட்டணும்" என்பார். முன்னவர் ஓப்பன் ஆபீஸின் அப்பாச்சி உரிமம், பின்னவர் எம்பிஎல். மூன்றாமவர் ஒருவர் இருப்பார்: "என் எழுத்து சேர்ந்த புத்தகம் முழுசும் என் நிபந்தனைப்படிதான் வெளியே போகணும்." அவர்தான் ஜிபிஎல். தங்கை மகன் சிரித்துவிட்டு, முழுசாகச் சரியில்லை, ஆனால் கடைக்கு இது போதும் என்றான்.

இப்போது பங்காளிகளுக்கு வருகிறேன். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்: சன் நிறுவனம் 2000-ல் நிரலைத் திறந்துவிட்ட ஓப்பன் ஆபீஸ். 2010-ல் சன் ஆரக்கிள் கைக்குப் போன பிறகு, செப்டம்பரில் ஒரு கூட்டம் பிரிந்து வந்து டாகுமெண்ட் ஃபவுண்டேஷன் என்று ஆரம்பித்தது. அதுதான் லிப்ரே ஆபீஸ். 2011-ல் ஆரக்கிள் பழைய வீட்டை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்தது. அங்கே போனதும் உரிமமும் அப்பாச்சி 2.0 ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைப் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஒன்வே. அப்பாச்சி வீட்டில் செய்ததை லிப்ரே எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே வீட்டில் செய்த எம்பிஎல் நிரலை அப்பாச்சி தன் மூல நிரலில் சேர்க்க, அந்த அமைப்பின் சொந்த விதியே இடம் தராது. எழுதியவரே மனசு வைத்து அப்பாச்சி உரிமத்திலும் கொடுத்தால்தான் உண்டு. வலது ஓரத்தில் திறக்கிற சைட்பார் இருக்கிறதே, நான் நாள் முழுக்கத் தட்டுவது, அது ஐபிஎம் அப்பாச்சிக்குக் கொடுத்த லோட்டஸ் சிம்ஃபனி என்ற ஆபீஸ் மென்பொருளிலிருந்து வந்தது. 2013 ஜூலையில் ஓப்பன் ஆபீஸ் 4.0-ல் வெளியானது. அதே வாரம் லிப்ரே ஆபீஸ் 4.1-லும் சோதனை வடிவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வீட்டில் இறக்கிய பலகாரம், ஆறுவதற்குள் பங்காளி வீட்டுத் தட்டில்!

திரும்பிப் போகாததற்கு உதாரணம் என் கடையிலேயே இருக்கிறது. முன்பு நான் ஓப்பன் ஆபீஸ்தான் வைத்திருந்தேன். பழகிய பெயர், அதனால். அதில் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கலாம், டாக்எக்ஸாகச் சேமிக்க முடியாது. அக்ரிமெண்ட் அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் மெயிலில் கேட்பதே டாக்எக்ஸ்தான். நான் மாறியதற்கு அதுதான் காரணம், கொள்கை ஒன்றும் கிடையாது. 2020-ல் லிப்ரே தரப்பு, எங்களைப் பற்றி உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள் என்று அப்பாச்சிக்கு ஒரு திறந்த கடிதமே எழுதியது. நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்கு அக்கறை குறைவு. ஓடிஎஃப் என்ற பொது வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், அந்த வடிவத்தில் இருந்த பழைய ஓடிடி ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் அலுங்காமல் வந்து சேர்ந்தன. அந்த மட்டில் பங்காளிகளுக்கு நன்றி.

தமிழ் எழுத்து? அதில் முழு மதிப்பெண். 'கொ' அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காகப் போய் நிற்க ஒரு எஞ்சின் வேண்டும். லிப்ரே ஆபீஸ் 2017 பிப்ரவரியில் வந்த 5.3-லிருந்து எல்லா கம்ப்யூட்டர்களிலும் ஹார்ஃபபஸ் என்ற எஞ்சினுக்கு மாறியது. அதே வருடம் ஸ்கிரைபஸ் 1.5.3-லும் அது வந்தது. அங்கே அந்த வேலையைச் செய்தது ஓமான் நாட்டுக் குழு ஒன்று. அவர்கள் கவலை அரபி எழுத்து, நமக்கும் சேர்த்து விடிந்தது. ஹார்ஃபபஸ்ஸின் உரிமம் எம்ஐடி வகை, அதாவது அப்பா கதையில் வரும் முதல் ஆசாமி. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாமே அதை வைத்திருக்கின்றன. அதனால் பத்திரிகையில் தமிழும் கன்னடமும் ஒரே வரியில் வந்தாலும் எனக்குப் பயமில்லை.

குறை என்றால் நிறம். ஆஃப்செட்டுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே (அச்சு மையின் நாலு நிறம்) பிரிப்பு லிப்ரே ஆபீஸில் கிடையாது. திரையில் பார்த்த குங்குமச் சிவப்பை நம்பி பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள். நான் மேட்டரை லிப்ரே ஆபீஸின் ரைட்டரில் திருத்தி, பக்கங்களை ஸ்கிரைபஸில் கட்டி, அங்கிருந்து பி.டி.எஃப் எடுத்தேன். அக்ரிமெண்ட், பயோடேட்டா, ஜெராக்ஸ் மலர் என்றால் லிப்ரே ஆபீஸ் மட்டுமே போதும். டிடிபி கடை என்றால் லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். காசு ஒன்றும் இல்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு.

மலர் 52 பக்கமாக வந்தது, நன்கொடையாளர்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் பெரியவர், "போன தடவை மாதிரி சிடில போட்டுக் குடும்மா" என்றார். மறுபடி பக்கத்து ஸ்டுடியோ. பி.டி.எஃப்பும் ஓடிடியும் ஏற்றி, உறையின் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: 'பேஜ்மேக்கர் தேவையில்லை.'