மூன்று வார லீவில் முடியாத வைத்தியம்: சுங்கை சிப்புட்

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு லீவில் வரும் பெண்கள் தள்ளிப்போட்டுக் கொண்டுவரும் வைத்தியங்களில் ஒன்று, பிறப்புறுப்பின் வெளித்தோலில் வரும் ஓயாத அரிப்பு. தமிழில் பேசத் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) இங்கே இருப்பார் என்ற தைரியம். அது நல்லதுதான். ஆனால் அப்படி வந்த ஒருவருக்கு ஒரு தனியார் கிளினிக்கில் பாவாடையை விலக்கிக்கூடப் பார்க்காமல், மூன்று மருந்து கலந்த கிரீமையே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிரீம் அரிப்பை அடக்கும். அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

வெளுத்துத் தடித்த தோல், மேடு, ஆறாத புண் இருந்தால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கலாம். இதில் இரண்டு வகை. ஒன்று, எச்பிவி என்ற வைரஸ் கிருமியால் வருவது. இன்னொன்று லைக்கன் ஸ்க்லரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோயை ஒட்டி, பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். புற்றாக மாறும் வாய்ப்பு இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம், வெட்டித்தான் எடுப்பார்கள். 'பேப் ஸ்மியர் சுத்தமாக வந்ததே' என்று இருந்துவிடக் கூடாது. அது கருப்பை வாய்க்கான சோதனை, வெளித்தோலுக்கானது அல்ல.

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நிபுணருக்கு 5 வெள்ளி. குடியுரிமையை விட்டவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். பூசிய கிரீம் டியூப்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

முதல் வேலை பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, பேனா போன்ற 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியைத் திருகி, பாசிப்பயறு அளவில் ஒரு துண்டு எடுப்பார்கள். பல இடத்தில் மாற்றம் இருந்தால் பல துண்டு. இது இல்லாமல் லேசர் சிகிச்சைக்குச் சம்மதிக்காதீர்கள்: லேசர் எரித்துவிடும், பரிசோதிக்கத் துண்டு மிஞ்சாது, உள்ளே ஒளிந்திருக்கும் புற்று தெரியாமலே போகும். எச்பிவி வகைக்கு இமிக்விமோட் கிரீமும் உண்டு, அதற்குச் சில மாதம் பிடிக்கும்.

அறுவையில், கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல தோலும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த துண்டில் 12 மணித் திசையில் ஒரு தையல் அடையாளம் போடுவார்கள். எந்த ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல அதுதான் வழி.

தையல் தானே கரையும். ஆனால் ஈரம், உராய்வு, இழுவை மூன்றும் சேரும் இடம் என்பதால் முதல் இரண்டு வாரத்தில் புண் பிரிவது உண்டு. கட்டுப்படாத சர்க்கரையும் சிகரெட்டும் அதைக் கூட்டும். பிரிந்த புண் அடியிலிருந்து ஆறிவரும், ஆனால் டாக்டர் பார்த்தாக வேண்டும். சிறுநீர் போகும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே போனால் எரியாது. வீட்டில் கைலி போதும், மலச்சிக்கல் வரவிடக் கூடாது.

இந்தப் புண்ணோடு 13 மணி நேர விமானத்தில் உட்காருவது கொடுமை. காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். சிகிச்சைக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வருகிறது. 6, 12 மாதத்தில் சோதனை, பிறகு ஆண்டுதோறும். ஆகவே பயாப்சியை இங்கே முடித்து, முழு ரிப்போர்ட்டின் நகலை வாங்கிக்கொண்டு, அறுவையை வாழும் ஊரில் செய்துகொள்வதே மேல். ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தால் மட்டும் கணக்கு வேறு: டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள்.