பாப்பாவில் நிற்கும் மூன்று சி-17: 12 நாடுகள் பங்கு போட்ட விமானச் சேவை எப்படி?

பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பாப்பா என்பது ஹங்கேரியின் மேற்குப் பகுதியில் இருக்கும் சின்ன ஊர். அங்குள்ள விமானப்படைத் தளத்தில் மூன்று சி-17 குளோப்மாஸ்டர் எனும் பெரிய ராணுவச் சரக்கு விமானங்கள் நிற்கின்றன. வால் பகுதியில் ஊர்ப்பெயர், உடலில் ஹங்கேரியின் அடையாளம், சொந்தக்காரர்கள் 12 நாடுகள். ‘ஸ்ட்ராடஜிக் ஏர்லிஃப்ட் கேபபிலிட்டி’, சுருக்கமாக எஸ்ஏசி, என்ற இந்த ஏற்பாட்டை ஒரு சேவையாகவே எடைபோடலாம். வெளிநாட்டில் நடக்கும் பயங்கரவாத எதிர்ப்புப் போரின் சுமையை யார் எவ்வளவு தூக்குவது என்று நேட்டோவில் பேசாத ஆண்டில்லை. அந்தப் பேச்சிலிருந்து அளந்து பார்க்கும்படி வெளிவந்த மிகச் சில பொருட்களில் இதுவும் ஒன்று.

பிரச்சினை ஆப்கானிஸ்தானில் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் அங்கிருந்த ஐசாஃப் என்ற பன்னாட்டுப் படையை நேட்டோ பொறுப்பேற்றபோது, சின்ன நாடுகளிடம் அனுப்ப ஆள் இருந்தது. ஏற்றிப்போக விமானம் இல்லை. ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரையும் இல்லை. கப்பலில் அனுப்பினால் கராச்சியில் இறக்கி மலைவழியே லாரியில் ஏற்ற வேண்டும். இதோடு நேட்டோவின் பழைய வழக்கம் ஒன்று: யார் படை அனுப்புகிறாரோ, செலவும் அவர் தலையில். கூட்டு நிதி என்பது தலைமையகம், ஓடுதளம் போன்ற பொது வசதிகளுக்குத்தான். போகாதவன் காசு மிச்சம், போனவன் கையைச் சுட்டுக்கொள்வான்.

எஸ்ஏசி இதற்குச் செய்த வேலை, பங்குக் கிணற்றில் முறை வைத்து நீர் இறைப்பது போன்றது. 2008-இல் 30 ஆண்டுக்கான ஒப்பந்தம். 2009 ஜூலையில் முதல் விமானம். ஆண்டுக்கு மொத்தம் 3,165 பறப்பு மணி. அமெரிக்கா 1,000, ஸ்வீடன் 550, நெதர்லாந்து 500, நார்வே 400, ருமேனியா 200, போலந்து 150, ஃபின்லாந்து 100, பல்கேரியா 65, ஸ்லோவேனியா 60, ஹங்கேரி 50, எஸ்தோனியாவும் லித்துவேனியாவும் தலா 45. வாங்கிய விலையும் நடத்தும் செலவும் இதே விகிதத்தில் பிரியும். அமெரிக்கா தன் பங்குக்கு ஒரு விமானத்தையே கொடுத்துவிட்டது. மற்ற இரண்டையும் கூட்டாக வாங்கினார்கள். ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அப்போது நேட்டோ உறுப்பினர்களே இல்லை என்பதைக் கவனிக்கவும். இரண்டாவது பெரிய பங்கு உறுப்பினரல்லாத நாட்டுடையது!

45 மணிக்கு என்ன கிடைக்கும்? எஸ்தோனியாவின் வீரர்கள் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் பிரிட்டிஷ் படையோடு இருந்தார்கள். விமானம் பாப்பாவிலிருந்து காலியாக எஸ்தோனியா போக சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து ஹெல்மண்ட் நேர்க்கோட்டில் 4,250 கி.மீ.; 5 மணி நேரத்துக்கு மேல். திரும்பிப் பாப்பா வர இன்னொரு 5 மணி நேரத்துக்கு மேல். வான்வழி வளைவுகளையும் சேர்த்தால் ஒரு நடைக்கு 13 மணி. ஆக ஆண்டுக்கு மூன்று நடை, கையில் கொஞ்சம் சில்லறை. காலியாகப் பறந்த நேரமும் பறந்த நேரம்தான். அதனால் பக்கத்து நாட்டுச் சரக்கோடு சேர்த்து ஏற்றத் தெரிந்த அதிகாரி இருந்தால், அதே 45 மணி இன்னும் நீளும்.

சரக்குக் கணக்கில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சி-17-இல் 18 பேலட், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு, நிற்கும். ஒரு பேலட் 224க்கு 274 செ.மீ.; உச்ச எடை சுமார் 4.5 டன். 18-ஐயும் முழுசாக நிரப்பினால் 81 டன். விமானம் தூக்குவதோ அதிகபட்சம் 77.5 டன். அந்த எடையையும் நம்பிப் போக முடியாது. 71 டன் ஏற்றினால் இடையில் எரிபொருள் நிரப்பாமல் சுமார் 4,500 கி.மீ. மட்டுமே போகும்; ஹெல்மண்டுக்கு அது நூலிழை. ஒன்று சரக்கைக் குறைக்க வேண்டும், அல்லது வழியில் இறங்க வேண்டும், அல்லது வானிலேயே டேங்கரிடம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பேலட் என்பது பார்க்க வெறும் அலுமினியத் தகடு. உள்ளே பால்சா மரம். ஃபோர்க்லிஃப்ட் முள் தோலைக் கிழித்தால் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊறும், எடை கூடும், விளிம்பு விமானத்தின் உருளைப் பாதையில் சிக்கும். தரையில் வைக்கும்போது அடியில் மூன்று மரக்கட்டை கொடுக்காமல் வைத்தால் வளைந்துவிடும். பக்கவலை இரண்டு, மேல்வலை ஒன்று. வலைகளோடு சேர்த்து வெறும் பேலட்டே 160 கிலோ வரும். பொருளை மட்டும் எடைபோட்டு இதைக் கூட்ட மறந்தால், 18 பேலட்டுக்கு ஏறக்குறைய 3 டன் உதைக்கும். வண்டிகளில் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு அச்சின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் வண்டி மேலேயே குறிக்காமல் கொண்டுவந்தால் சரக்கேற்றும் பொறுப்பிலுள்ள லோட்மாஸ்டர் ஏற்ற மாட்டார். ஏற்றவும் கூடாது. மூன்றே பேர் கொண்ட பணிக்குழுவில் இரண்டு விமானிகளுக்கும் சேர்த்து அவர்தான் சமநிலைக் கணக்குப் போடுகிறார்.

சேவையின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. மணி யாருடையதோ, பயணத்தை முடிவு செய்வதும் அவரே. நேட்டோ வேலையா, ஐ.நா. வேலையா, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலையா, சொந்த நாட்டு வேலையா என்று பங்காளிகளிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விமானமும் பணிக்குழுவும் ராணுவத்தைச் சேர்ந்தவை என்பதால், ஏவுகணை மிரட்டல் உள்ள ஓடுதளத்திலும் இறங்கலாம்.

மாற்று வழிகளோடு ஒப்பிட்டால் இது புரியும். 2006-இலிருந்து ஜெர்மனியின் லைப்சிக்கில் நடக்கும் ‘சாலிஸ்’ திட்டத்தில் ஆன்-124 விமானத்தை வாடகைக்கு எடுக்கலாம். 120 டன் வரை தூக்கும் அசுரன்தான், ஆனால் தனியார் சரக்கு விமானம். சுடும் இடத்துக்கு வராது. முன்பு ரஷ்யக் கம்பெனியும் உக்ரைன் கம்பெனியும் சேர்ந்து ஓட்டின. 2018 முடிவில் ரஷ்யர்கள் விலகினார்கள். உங்கள் போருக்கு வண்டி அனுப்புபவர் நாளை எந்தப் பக்கம் நிற்பார் என்ற கேள்வி வாடகை ரசீதில் இருக்காது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் நடக்கும் ‘அட்டாரஸ்’ பண்டமாற்று நல்ல யோசனை: காசு கிடையாது, சி-130 என்ற சிறிய சரக்கு விமானத்தின் ஒரு பறப்பு மணிதான் நாணயம். ஆனால் மாற்றிக்கொள்ள உங்களிடமும் ஏதாவது இருக்க வேண்டும்.

குறைகளுக்கு வருவோம். மூன்று விமானம் என்றால் மூன்று ஓடுகிறது என்று பொருளல்ல. ஒன்று பராமரிப்பில் உட்கார்ந்தால் மிச்சம் இரண்டு. அதில் ஒன்று வெளியூரில் பழுதானால் பன்னிரண்டு பேருக்கும் ஒன்று. ஆண்டுக் கணக்கில் மணி சரியாகப் பிரிந்திருக்கும், ஆனால் நெருக்கடி ஆண்டுக் கணக்குப் பார்த்து வருவதில்லை. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து ஆட்களை எடுக்க எல்லா நாட்டுக்கும் ஒரே வாரத்தில் விமானம் தேவைப்பட்டது. பங்குக் கிணற்றுச் சண்டை கோடையில்தானே வரும்.

இன்னொன்று, கடைசிக் கட்டப் பயணம். லித்துவேனியா 2005 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானில் கோர் மாகாணத்தின் சக்சரானில் மறுகட்டமைப்புக் குழுவை நடத்தியது. அப்படி மலைக்கு நடுவே, ஜல்லி ஓடுதளம் உள்ள இடங்களுக்குச் சரக்கைப் பெரிய தளத்தில் இறக்கி, சி-130 போன்ற சிறிய விமானத்தில் மாற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு இந்த மணிக்கணக்கில் வராது.

சுமையை இது நியாயமாகப் பிரிக்கிறதா என்றால், டன்னையும் கிலோமீட்டரையும் பிரிக்கிறது. அதை நன்றாகவே செய்கிறது. ஆபத்தை இது தொடுவதே இல்லை. ஐசாஃபில் சில நாடுகள் தங்கள் படை இன்ன பகுதியைத் தாண்டாது என்று நிபந்தனை போட்டு அனுப்பின. பட்டியலின் கடைசி வரியில் 45 மணியோடு நிற்கும் எஸ்தோனியா, 13 லட்சம் மக்கள்தொகையில், ஆப்கானிஸ்தானில் 9 வீரர்களை இழந்தது. எந்த விகிதக் கணக்கிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. பங்கு மணியைக் காட்டி “நாங்கள் எங்கள் கடமையைச் செய்துவிட்டோம்” என்று சொல்லும் அரசிடம் இந்தச் சேவையை விற்கக் கூடாது என்பது என் கருத்து.

சேர நினைக்கும் நாடுகள் வயதையும் பார்க்க வேண்டும். சி-17-இன் வடிவமைப்பு ஆயுள் 30,000 மணி. 3,165-ஐ மூன்றால் வகுத்தால் விமானத்துக்கு ஆண்டுக்கு 1,055 மணி. அதாவது 28 ஆண்டுகளில் தீர்ந்துவிடும், 2038-இல் முடியும் ஒப்பந்தத்தோடு ஏறக்குறைய ஒன்றாக. நான்காவது விமானம் வாங்கலாம் என்றால் கடையே மூடியாகிவிட்டது: அமெரிக்காவின் லாங் பீச் ஆலையிலிருந்து கடைசி சி-17 வெளியேறியது 2015-இல். இந்திய விமானப்படை 2019-இல் தன் 11-வது விமானத்தை வாங்கியபோதே, விற்காமல் கிடந்த ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. ஐரோப்பா தயாரிக்கும் ஏ400எம் 37 டன்தான் தூக்கும். போலந்தும் ருமேனியாவும் வாங்கும் ஆப்ராம்ஸ் டாங்கி அதில் ஏறாது.